பன்னிரண்டு வாரம்: தென்னாப்பிரிக்காவில் கருக்கலைப்புச் சட்டமும் கிளினிக் அனுமதியும் – தமிழ்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் மருத்துவமனைக்குப் போகும் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்ப்புத் துணையாகப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பிரசவம், சர்க்கரை, கண் அறுவை என்று எல்லாவற்றுக்கும் உடன் போயிருக்கிறேன். மற்ற நோய்களைப் பற்றி எல்லாரும் சத்தமாகக் கேட்பார்கள். கருக்கலைப்பைப் பற்றிய கேள்வி மட்டும் கோவில் சமையற்கூடத்தின் பின்வாசலில் வரும், அல்லது இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் வரும். கேட்கத் தயங்கிய அந்த நாட்களிலேயே பல பெண்களின் உரிமை கைநழுவிப் போயிருக்கிறது. அதனால் என்னிடம் கேட்டவற்றை எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உடம்பைப் பற்றிய முடிவை மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்டே எடுங்கள்.

இந்த நாட்டில் இது சட்டப்படி சரிதானா?

சரிதான். 1996ஆம் ஆண்டின் கர்ப்ப முடிவுத் தேர்வுச் சட்டம் 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 12 வாரங்களுக்குள் ஒரு பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, குழந்தைப்பேறு பற்றி முடிவெடுக்கும் உரிமையை உடல்மீதான உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. 27ஆம் பிரிவு மருத்துவ வசதி பெறும் உரிமையைச் சொல்லும்போது இனப்பெருக்க நலத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டத்தையே ரத்து செய்யக் கோரி ஒரு கிறிஸ்தவ வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கு 1998இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

முன்பு எப்படி இருந்தது?

1975ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து, பாலியல் வன்முறை போன்ற சில காரணங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதற்கும் பல மருத்துவர்களின் சான்று வேண்டும். சில நேரங்களில் மாஜிஸ்திரேட்டின் சான்றும் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேருக்கே அந்த வழி கிடைத்தது. பெரும்பாலும் வெள்ளைப் பெண்கள், அதாவது தனி மருத்துவரிடம் போகப் பணம் இருந்தவர்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை 1994இல் நடந்த ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தது. அரைகுறையாகக் கலைந்த கருவோடு அரசு மருத்துவமனைகளுக்கு வந்த பெண்கள் ஓராண்டில் 44,686 பேர் என்றும் இறந்தவர்கள் 425 பேர் என்றும் அது மதிப்பிட்டது. புதிய சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குள் கருக்கலைப்பால் நேரும் மரணம் சுமார் 91 சதவீதம் குறைந்தது. சட்டத்தைக் குறைசொல்லும் யாரோடு பேசினாலும் இந்த ஒரு கணக்கை நான் விடுவதில்லை.

12 வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுதான். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ சேர்ந்திருந்த தேதியிலிருந்தோ எண்ணக் கூடாது. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். சட்டத்தின் வரையறையே அப்படித்தான். அதாவது, நாள் தள்ளிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும்போதே நான்கு வாரம் போய்விட்டது.

ஒரு தங்கை தேதி நினைவில்லை என்றாள். சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தாயா என்று கேட்டேன். "இருந்தேன் அக்கா, அன்றைக்குக் காலையில்தான் வந்துவிட்டது. அதனால் கோவிலுக்குப் போகவில்லை" என்றாள். பிப்ரவரி 11ஆம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்தாள். 2025இல் தைப்பூசம் அன்றுதான். அங்கிருந்து செவ்வாய் செவ்வாயாக எண்ணிக்கொண்டே வந்தோம். மே முதல் வாரத்தோடு 12 வாரம் முடிந்தது. அவள் மனத்தில் போட்டிருந்த கணக்குப்படி ஜூன் வரை நேரம் இருந்தது.

நம் பெண்களுக்குத் தேதி மறந்தாலும் விரதம், கல்யாணம், கோவிலுக்குப் போக முடியாமல்போன நாள் ஆகியவை மறப்பதில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். சந்தேகமிருந்தால் ஸ்கேன் சொல்லிவிடும்.

12 வாரம் தாண்டிவிட்டால்?

கதவு மூடிவிடவில்லை. 13 முதல் 20 வாரம் வரை, பெண்ணோடு பேசிய பிறகு ஒரு மருத்துவர் சில காரணங்களில் ஒன்று இருப்பதாகக் கருதினால் செய்யலாம். அவள் உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து, கருவுக்குக் கடுமையான குறைபாடு வரும் வாய்ப்பு, பாலியல் வன்முறையாலோ முறையற்ற இரத்த உறவாலோ உண்டான கர்ப்பம், அவளுடைய சமூக, பொருளாதார நிலை பெரிதும் பாதிக்கப்படுவது ஆகியவையே அந்தக் காரணங்கள். கடைசிக் காரணத்தை மறக்காதீர்கள். வேலை போய்விட்டது, கணவர் விட்டுப் போய்விட்டார், இருக்கும் பிள்ளைகளுக்கே சோறு இல்லை என்பதெல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் இந்தக் கட்டத்தில் மருத்துவரே செய்ய வேண்டும். நர்ஸ் செய்ய முடியாது. செய்ய முன்வரும் மருத்துவர்கள் குறைவு. 20 வாரத்துக்கு மேல் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, கருவுக்குக் கடும் ஊனம் அல்லது காயம் ஏற்படும் அபாயம் என்ற காரணங்கள் மட்டுமே செல்லும். அந்த மருத்துவரோடு இன்னொரு மருத்துவ ஊழியரின் கருத்தும் வேண்டும்.

கணவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டாம். பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. கணவர், மாமியார், அப்பா, குருக்கள் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கணவரின் வேலைக்காக வந்த பெண்கள், அங்கே மருத்துவமனைகளில் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்தைப் பார்த்து வந்தவர்கள். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. கணவரின் கையெழுத்து பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஒன்று. இலங்கையிலிருந்து வந்தவர்களின் பயம் வேறு. அங்கே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும்தான் அனுமதிக்கிறது. அதனால் இங்கேயும் போலீஸ் வருமோ என்று கேட்கிறார்கள். வராது.

கையெழுத்தைவிட எனக்குப் பெரிய கவலை மொழி. ஆங்கிலமோ சூலுவோ சரியாக வராத பெண்ணுக்குக் கணவரே மொழிபெயர்ப்பாளராக உள்ளே வருகிறார். நர்ஸ் அவளைப் பார்த்துக் கேட்கிறார். பதில் அவரிடமிருந்து வருகிறது. வேண்டும் என்று நினைப்பவளுக்கு வேண்டாம் என்றும், வேண்டாம் என்று நினைப்பவளுக்கு வேண்டும் என்றும் பதில் போய்ச்சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே அநியாயம்தான். உங்களுக்காகப் பேச வேறொரு பெண்ணைக் கூட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால், "நான் தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தையாவது ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளுங்கள். கணவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

என் மகளுக்குப் பதினாறு வயது. பெற்றோருக்குச் சொல்லாமல் செய்வார்களா?

செய்யலாம். எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும் பெண்தான் என்று சட்டம் வரையறுக்கிறது. பெற்றோரிடமோ உறவினரிடமோ தோழியிடமோ பேசும்படி அறிவுரை சொல்லுவார்கள்; பேச மாட்டேன் என்றால் அதற்காக மறுக்கக் கூடாது. இதை எதிர்த்த வழக்கும் 2004இல் தோற்றது. இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களிடம் ஒன்று சொல்வேன்: மகள் உங்களிடம் முதலில் வர வேண்டுமானால், வீட்டில் இன்றைக்கே அதற்கு இடம் இருக்க வேண்டும்.

எந்த கிளினிக்கிலும் செய்வார்களா? அரசு அனுமதி என்றால் என்ன?

எல்லா இடத்திலும் செய்ய முடியாது. இடத்துக்கும் அனுமதி வேண்டும். சட்டத்தின் 3ஆம் பிரிவு என்னென்ன இருக்க வேண்டும் என்று அடுக்குகிறது: மருத்துவர், நர்ஸ், அறுவை அரங்கத்துக்கான வழி, கருவிகள், ஊசி மருந்துகள், மூச்சு மீட்கும் உபகரணம், அவசரமானால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாகனம், நோயாளியைக் கவனிக்க இடம், தொற்றுத் தடுப்பு, கழிவு அகற்றல், தொலைபேசி. இவை இருந்தால் மாகாண சுகாதார அமைச்சர் அரசிதழில் அறிவித்து அனுமதி தருவார்.

முதலில் இந்த அதிகாரம் பிரிட்டோரியாவில் இருக்கும் மத்திய அமைச்சரிடம் இருந்தது. ஒரு சிற்றூர் கிளினிக்கின் கோப்பு தலைநகர் வரை போய்த் திரும்ப வேண்டும். 2004இல் ஒரு திருத்தம் வந்தது. அதிகாரம் மாகாணத்துக்கு இறங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளோடு பயிற்சி பெற்ற நர்ஸ்களும் 12 வாரம் வரை செய்யலாம் என்றானது. 24 மணி நேரப் பிரசவ வசதி உள்ள மருத்துவமனை, நான் சொன்ன வசதிகள் இருந்தால், 12 வாரம் வரை தனி அனுமதி இல்லாமலேயே செய்யலாம் என்றும் வந்தது.

இரண்டே ஆண்டில், 2006 ஆகஸ்டில், அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. கருக்கலைப்பு தவறு என்று அது சொல்லவில்லை; நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய மன்றம் மக்களின் கருத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் காரணம். 18 மாத அவகாசம் கொடுத்தது. முறைப்படி கருத்துக் கேட்டு, 2008இல் அதே மாற்றங்களை மீண்டும் சட்டமாக்கினார்கள்.

24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி, "இங்கே அனுமதி இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்தால், அந்த 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலதிகாரியைக் கேளுங்கள்.

அப்படியானால் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! 2017இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டில் 3,880 அரசு மருத்துவ நிலையங்கள். கருக்கலைப்புக்கென ஒதுக்கப்பட்டவை 505. அவற்றிலும் உண்மையில் செய்தவை 264. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. பெயர்ப்பலகையில் அனுமதி இருக்கும். பயிற்சி பெற்ற ஒரே நர்ஸ் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஒரு பெண்ணோடு போன நாட்களை மறக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய். பத்து வாரம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு, டாக்சிக்கான (இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகும் சிறு வேன்) சில்லறையைக் கைக்குட்டை முனையில் முடிச்சுப் போட்டு எடுத்துவந்தாள். ஆறு மணிக்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். பதினொரு மணிக்கு, ஸ்கேன் எடுப்பவர் இன்று இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். செய்யும் நர்ஸ் விடுப்பில் இருந்தார். மூன்றாம் வாரம், நாளுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு நிரம்பிவிட்டது என்றார்கள். நான்காம் முறை போனபோது 12 வாரம் தாண்டிவிட்டது, இனி மருத்துவர்தான், வேறு மருத்துவமனைக்குப் போ என்று ஒரு தாளை நீட்டினார்கள். முடியும்போது பதினாறு வாரம். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நான் முதல் நாளே வந்தேனே அக்கா" என்றாள்.

யாரும் அவளிடம் முடியாது என்று சொல்லவில்லை. வா, வா என்றே சொன்னார்கள். எந்த விதியையும் மீறாமல் ஒரு பெண்ணின் ஆறு வாரத்தைத் தின்றுவிட முடிகிறது. எத்தனை இடத்துக்கு அனுமதி என்று எண்ணினால் மட்டும் போதாது. கேட்ட நாளுக்கும் செய்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணினால்தான் உண்மை தெரியும்.

நர்ஸ் தன் மதத்தைக் காரணம் காட்டி மறுக்கலாமா?

கருக்கலைப்பைத் தன் கையால் செய்ய மாட்டேன் என்று சொல்ல அரசியலமைப்பின் மனசாட்சிச் சுதந்திரம் இடம்தருகிறது. ஆனால் உங்கள் உரிமை என்ன என்பதை உங்களுக்குச் சொல்வது சட்டப்படி கடமை. அவசர நிலையில் யாருக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. வாசலில் நிற்பவர், கோப்பு எடுப்பவர், தரையைத் துடைப்பவர் ஆகியோர் மனசாட்சி பேசி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. சட்டபூர்வமான கருக்கலைப்பைத் தடுப்பவருக்கும், அந்த இடத்துக்குப் போகும் வழியை மறிப்பவருக்கும் அபராதம் அல்லது பத்தாண்டு வரை சிறை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பவரின் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதைப் பார்த்ததுமே பேச்சு மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

விதிகள் கடுமையாக இருந்தால் பெண்ணுக்குப் பாதுகாப்புதானே?

எல்லா விதியும் அப்படி அல்ல. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் போட்டது. கருக்கலைப்பு கிளினிக்குகள் சிறு அறுவை மருத்துவமனையின் தரத்தில் கட்டப்பட வேண்டும், மருத்துவருக்கு 30 மைலுக்குள் ஒரு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் இருந்த கிளினிக்குகள் பாதியாகக் குறைந்தன. மாத்திரை விழுங்கவும் பெண்கள் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த விதிகளால் மருத்துவ நன்மை இல்லை, சுமைதான் இருக்கிறது என்று 2016 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கியது. 2022இல் அதே நீதிமன்றம் அடிப்படை உரிமையையே எடுத்துவிட்டது வேறு கதை.

நம் சட்டத்தின் பட்டியலும் 1996இல் எழுதப்பட்டது. கருவைக் கலைக்கப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்த நாட்டில் அனுமதி கிடைத்தது 2001இல். எட்டு வாரக் கருவுக்கு மாத்திரை கொடுக்கும் ஒரு கிராமத்துக் கிளினிக்குக்கும் அறுவை அரங்கத்துக்கான வழியைக் கேட்பது காலம் கடந்த விதி என்பது என் கருத்து. சுத்தமான கை, பயிற்சி, அவசரத்துக்கு வண்டி இவை பெண்ணைக் காப்பவை. அவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கிறார்களே, "வலியில்லை, அன்றே முடியும்" என்று?

போகாதீர்கள். டர்பன் நகர மையத்தில் வார்விக் டாக்சி நிலையத்தைச் சுற்றி நடந்தால் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிழித்தால் அடியில் இன்னொன்று. ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கும், முகவரி இருக்காது. எத்தனை வாரமானாலும் செய்வதாகச் சொல்வார்கள். "கர்ப்பப்பை சுத்தம் செய்கிறோம்" என்பது அவர்களின் வழக்கமான வாசகம். உண்மையான கிளினிக் கடைசி மாதவிலக்குத் தேதியையும், முன்பு சிசேரியன் ஆனதா என்பதையும், மற்ற நோய்களையும் கேட்கும். பிறகு பிரச்சினை வந்தால் கூப்பிட ஒரு எண் தரும். முன்பணம் மட்டும் கேட்பவரிடம் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.

ஏற்கெனவே போய்விட்டீர்களா? ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேடுகள் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, மயக்கம், தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தாலோ உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மாத்திரை, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே வெட்கத்துக்கு இடம் கொடுத்தால் உயிர் போகும்.

எவ்வளவு செலவாகும்? எனக்கு விசாதான் இருக்கிறது.

அரசு கிளினிக்குகளில் இலவசம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே எழுதியிருப்பது "பெண்கள்" என்று, "குடிமக்கள்" என்று அல்ல. தனியார் இடங்களில் பணம் கட்ட வேண்டும், வாரம் கூடக்கூடத் தொகையும் கூடும். அரசு வரிசையில் வாரங்களை இழந்தவர்கள் கடன் வாங்கித் தனியாரிடம் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆலோசனை கேட்டே தீர வேண்டுமா?

கட்டாயமில்லை. கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு, பெறுவது உங்கள் விருப்பம். எந்தப் பக்கமும் தள்ளாத ஆலோசனையாக இருக்க வேண்டும். ஆலோசனையையும் ஸ்கேனையும் கட்டாயமாக்க 2017இல் ஒரு தனிநபர் மசோதா வந்தது, நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

மொரிஷியஸில் என் தங்கை இருக்கிறாள். அங்கேயும் இதே சட்டமா?

இல்லை. 2012 வரை அங்கே முழுத் தடை. இப்போது உயிராபத்து, கருவின் கடும் குறைபாடு போன்ற சில காரணங்களுக்கு உண்டு. பாலியல் வன்முறை என்றால் போலீஸில் புகார் கொடுத்திருக்க வேண்டும், 14 வாரத்துக்குள் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டம் புகாரைக் கேட்பதில்லை.

இது பாவமில்லையா?

பல பெண்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், எல்லாம் தீர்மானித்த பிறகு. தாங்கள் வணங்கும் தெய்வத்திடம் தாங்களே கேட்டுக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன். வேண்டாம் என்று திரும்பி வந்து பிள்ளை பெற்றவளோடும் போயிருக்கிறேன். அவள் பிரசவ வார்டிலும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்னைத் துணைக்குக் கூப்பிடுபவளிடம் அவள் காரணத்தை நான் கேட்பதில்லை.

துணைக்கு யாரும் இல்லை. தனியாகப் போகலாமா?

போகலாம். அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். பேடுகள், மாற்றுத் துணி, பிளாஸ்கில் தேநீர், ஒரு சால்வை. இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் அந்த பெஞ்சுகள் சில்லென்று இருக்கும். முதல் டாக்சியிலேயே கிளம்புங்கள். அடுத்த வாரம் வா என்றால், எந்தத் தேதி, எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு நகருங்கள்.